அடைக்கோழியும் நாட்டுக் குஞ்சும்

கோழி வளர்ப்போருட் பலர் முட்டையின் எண்ணிக்கையையே நோக்கி, அடை கிடக்கும் கோழியைச் சோம்பேறி என்று பழிப்பர். மூன்று வாரம் முட்டையிடாது மூலையிற் படுத்திருக்கும் அதனைத் தண்ணீரில் முக்குவாரும், அதன் மூக்கில் இறகைச் செருகி அலைய விடுவாரும் நம் கிராமங்களில் உளர். ஆயின், நாட்டுக்கோழி இந்நாட்டில் இன்னும் எஞ்சியிருப்பது அப்பிடிவாதத்தினாலேயே என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

பத்துப் பன்னிரண்டு முட்டை சேர்ந்தபின், அவற்றின் தொடுகையால் தூண்டப்பெற்று, கோழியின் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டின் என்னும் நீரை மிகுதியாகச் சுரக்கின்றது. அதனாற் சூலகம் சுருங்கி முட்டையிடுதல் நிற்கும். மார்பின் அடியில் இறகு உதிர்ந்து வெறுந்தோல் தோன்றும். அத்தோலின் சூடு நேரே முட்டையிற் படும். இட்ட முட்டையினுள் கருவானது தாய் அமரும்வரை வளராது உறங்கிக் கிடக்கும். ஆதலின், இரண்டு வார காலத்தில் முன்னும் பின்னுமாக இட்டவை யாவும் ஏறக்குறைய ஒரே நாளில், அதாவது 21ஆம் நாளிற் பொரிகின்றன.

இக்குணத்தை விலையாகக் கொடுத்தே மனிதன் மிகுந்த முட்டையைப் பெற்றான். அடை கிடவாத கோழிகளின் வித்தையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்தமையால், வெள்ளை லெகார்ன் இனமும் அதன் வழிவந்த பண்ணைக் கோழிகளும் ஆண்டிற்கு 300 முட்டைக்குக் குறையாது இடவல்லனவாயின. ஆனால் அவை தம் குலத்தைத் தாமே பெருக்கமாட்டா. 37.5 பாகை வெப்பத்தையும் ஈரத்தையும் காத்து, முட்டைகளை அடிக்கடி புரட்டித் தரும் பொறி ஒன்று இல்லையேல், அவ்வினம் ஒரு தலைமுறையில் அற்றுப்போம். நம் சிறுவிடைக் கோழியோ அம்மூன்றையும் ஓர் ஓலைக்கூடையிற் செய்து முடிக்கின்றது.

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா' என்பது பழமொழி. சிறுவிடையளவில் அது மெய்யே. அசில் மரபைச் சார்ந்த பெருவிடைப் பெட்டையோ மூன்று கிலோவுக்கு மேலும் எடையுள்ளது. அடையிற் பற்று மிக்கதாயினும், தன் பாரத்தால் முட்டையை நொறுக்குதலும் குஞ்சை நசுக்குதலும் உண்டு. ஆதலின் பெருவிடை முட்டையைச் சிறுவிடையின் கீழ் வைப்பதே அறிவுடைமை. செவிலியாவதில் சிறுவிடை வேற்றுமை பாராட்டாது. 28 நாட் செல்லும் வாத்து முட்டையையும் பொறுமையாகப் பொரிக்கும். பின்னர் அவ்வாத்துக் குஞ்சுகள் குளத்திற் குதித்தலும், அது கரையில் நின்று கதறுதலும் பரிதாபமான காட்சியே.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்திற்கு மேற்பட்டதாகாமை நன்று. கூடையில் மணல் பரப்பி அதன்மேல் வைக்கோல் இட்டு, இரவிலே கோழியை அமர்த்துக. இருளிற் சலனமின்றி இடத்தை ஏற்றுக்கொள்ளும். கரித்துண்டும் இரும்பும் காய்ந்த மிளகாயும் உடன் வைத்தால் இடியினாற் கரு கெடாது என்பர் முதியோர். இதனால் நன்மை உண்டோ இல்லையோ, தீங்கொன்றுமில்லை. உண்மையான பகை பேனேயாகும். பேன் மிகுந்தால் எத்துணை நல்ல கோழியும் இடையிலே எழுந்து போய்விடும். ஆதலின், நாடோறும் ஒருமுறை இறங்கித் தீனியும் நீரும் கொண்டு புழுதியிற் புரளுவதற்கு அதனைத் தடுத்தலாகாது. ஏழாம் நாள் இரவில் விளக்கொளியின்முன் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கருவுள்ளதில் செந்நிற நரம்புகள் சிலந்தி வலைபோற் படர்ந்திருக்கும்; தெளிவாயிருப்பதை நீக்கிவிடலாம். 18ஆம் நாளுக்குப்பின் கை வைக்கலாகாது.

ஓடு விண்டபின் குஞ்சு வெளிவரத் தாமதித்தால், இரக்கத்தால் ஓட்டை உரிப்பவர் பெரும்பாலும் அதனைக் கொன்றுவிடுகின்றனர். உள்ளிருக்கும் குருதிக் குழாய்கள் அதற்குள் வற்றியிரா. பிறந்த குஞ்சு, வயிற்றினுள் இழுத்துக்கொண்ட மஞ்சட்கருவால் இரண்டு நாள் உணவின்றியும் வாழும். ஆகையால், தீனிக்காக அவசரப்பட்டுத் தாயை எழுப்ப வேண்டுவதில்லை.

பின்னர் இரை காட்டிக் கொக்கரித்தலும், பருந்தின் நிழல் கண்டு சிறகிற் கூட்டிக்கொள்ளுதலும் தாயின் தொழில். தாயால் தடுக்க இயலாதது இராணிக்கேட்டு நோய். முதல் வாரத்திலேயே கண்ணில் விடும் சொட்டுமருந்து இதற்கு இன்றியமையாதது. ஈரத்தரையும் ஆகாது, கழிச்சல் கண்டு குஞ்சுகள் ஒவ்வொன்றாய் மடியும்.

ஏறத்தாழ இரண்டு மாதத்தில் தாய் குஞ்சுகளைக் கொத்தி விரட்டி மீண்டும் முட்டையிடத் தொடங்கும். குஞ்சுகளை முன்னரே பிரித்து விளக்குச் சூட்டில் வளர்த்தால், முட்டை இன்னும் விரைவில் வரும். ஆயின் எண்ணெயோ மின்சாரமோ செலவாகும், காவலும் நம்முடையதாகும். முட்டை விற்றுப் பிழைக்கும் ஏழைக் குடும்பத்தார்க்கு இஃது எளிதில் தீரும் வழக்கன்று. நான்கு பெட்டை உள்ள வீட்டில் ஒன்றையேனும் அதன் விருப்பப்படி அடை கிடந்து குஞ்சு வளர்க்க விடுவது தகும் என்பது எம் கருத்து. அடுத்த வித்துக்கும் அக்குஞ்சுகளிலிருந்தே பெட்டையைத் தெரிந்துகொள்க.