கணவர் சேலை கட்டுவது விவாகரத்துக்குக் காரணமாகுமா?

கேள்வி: திருமணமாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரு மகள் இருக்கிறாள். போன மாதம் அம்மா வீட்டிலிருந்து சொல்லாமல் திரும்பியபோது, கணவர் என் சேலையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றிருந்தார். பதற்றத்தில் போட்டோ எடுத்துவிட்டேன். "சின்ன வயசிலிருந்தே இந்தப் பழக்கம் உண்டு. நான் ஆம்பளைதான், உன்னைத் தவிர யாரையும் நினைச்சதில்லை" என்று அழுதார். மற்றபடி அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. இப்போது என் அண்ணன், "வீட்டைத் தங்கச்சி பேருக்கு எழுதிக் கொடு, இல்லன்னா போட்டோவை உன் ஆபீஸ் குரூப்பில் போடுவேன்" என்று அவரை மிரட்டுகிறார். நான் விவாகரத்து கேட்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் உங்கள் அண்ணனை நிறுத்துங்கள். மானம் போகும் என்று பயமுறுத்திச் சொத்து கேட்பது, பாரதிய நியாய சன்ஹிதா 308வது பிரிவின் கீழ் குற்றம். பத்திரம் எழுதி வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. அந்த நோக்கத்தோடு பயமுறுத்தினாலே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. போட்டோ உங்களிடமிருந்து போனது என்பதால் வழக்கில் உங்கள் பெயரும் இழுபடலாம். இனி அதை ஒருவருக்கும் அனுப்பாதீர்கள்.

விவாகரத்துக்கு வருவோம். ஆண் சேலை கட்டுவதை இந்து திருமணச் சட்டம் எங்கும் ஒரு காரணமாகச் சொல்லவில்லை. 13வது பிரிவில் இருப்பது 'கொடுமை'. உடையை மட்டும் வைத்து அதை நிரூபிப்பது கடினம். அவர் உங்களிடம் நடந்துகொண்ட விதத்தைத்தான் நீதிமன்றம் பார்க்கும். படுக்கையறையில் உங்களுக்குப் பிடிக்காததை வற்புறுத்தினாரா? உங்களை ஒதுக்கினாரா? தக்க காரணமின்றி நெடுங்காலம் தாம்பத்திய உறவை மறுப்பது மனக்கொடுமை ஆகலாம் என்று சமர் கோஷ் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

'பழக்கத்தை மறைத்துத் திருமணம் செய்துவிட்டார்' என்று 12வது பிரிவின்படி திருமணத்தையே ரத்து செய்யச் சொல்லி உறவினர்கள் தூண்டலாம். மோசடி தெரியவந்த ஓர் ஆண்டுக்குள் மனு போட வேண்டும். தெரிந்த பிறகும் முழு மனதோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் மனு நிற்காது. சிறுவயதுப் பழக்கத்தை வெட்கத்தால் மறைத்ததை மோசடி என்று நிலைநாட்டுவது எளிதல்ல என்பது என் கருத்து.

உங்களைக் குடைவது வேறு கேள்வி என்று நினைக்கிறேன்: அவர் உண்மையில் யார்? என்ன உடுத்துகிறார், தன்னை ஆணாக உணர்கிறாரா பெண்ணாக உணர்கிறாரா, யார்மீது ஆசை கொள்கிறார் என்பவை மூன்றும் தனித்தனி. பெண் உடையில் மனநிறைவு காணும் ஆண்களில் பலர் பெண்களையே விரும்புகிறவர்கள். ஒருவரின் பாலினத்தை அவரே சொல்ல வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு நால்சா தீர்ப்பு. உங்கள் சொந்தபந்தம் கூடி அதைத் தீர்மானிக்க முடியாது. 'மருந்து கொடுத்து மாற்றிவிடலாம்' என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நோய்ப் பட்டியலில் எதிர்பாலின உடை அணிவது நோயாக இல்லை.

அதற்காக நீங்கள் எல்லாவற்றையும் சகித்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அண்ணன் இல்லாத நேரத்தில் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். நாளை பெண்ணாகவே வாழ விரும்புவாரா என்று நேராகக் கேளுங்கள்; உங்களுக்கு எது ஒப்பும், எது ஒப்பாது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், 13பி பிரிவின்படி இருவரும் சம்மதித்துப் பிரியலாம். ஒருவர் கேட்டாலே குடும்பநல நீதிமன்றம் விசாரணையை மூடிய அறையில்தான் நடத்த வேண்டும். மகள் யாரிடம் வளர்வது என்பதில் அவள் நலன்தான் அளவுகோல். அப்பா சேலை கட்டினார் என்ற ஒன்றை மட்டும் வைத்து அவரிடமிருந்து குழந்தையைப் பிரித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் உங்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு அங்கே வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும்.