வாராத புயலும் வீண்போகாத காவலும்



வந்துவிட்ட துன்பத்தை மாந்தர் எவ்வாறேனும் தாங்கிக்கொள்கின்றனர். வருமோ வாராதோ என்று காத்திருக்கும் நாழிகையில்தான் அவர்தம் உள்ளம் நிலைகொள்ளாமல் தவிக்கின்றது. ஒருவன் அஞ்சி நடுங்குகிறான். மற்றொருவன் தான் அஞ்சவில்லை என்று காட்டுதற்கு நகையாடுகிறான். இருவருமே செய்யவேண்டிய வேலையைச் செய்வதில்லை. அஞ்சாமலும் நகையாடாமலும் காத்திருப்பது எங்ஙனம் என்பதே இம்முறை நாம் எடுத்துக்கொண்ட பாடம். இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் திருவனந்தபுரத்தில், 2020 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில், ‘புரெவி’ என்னும் புயலை எதிர்நோக்கி ஊரே வீட்டினுள் அடங்கியிருந்த நாட்களை நினைவுகூர்தலே போதும்.

1. சொல்லாமல் வந்ததும், சொல்லியும் வாராததும்

புரெவியை அறிதற்கு, அதற்கு மூன்றாண்டு முந்திய ‘ஒக்கி’யை அறிதல் வேண்டும். 2017 நவம்பர் 29 ஆம் தேதி இலங்கைக்குத் தென்கிழக்கே இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மிக விரைவாக வலுத்து, மறுநாட் காலையிலேயே குமரிமுனைக் கடலில் புயலாயிற்று. அது நமது கரையை மிதித்து ஏறவில்லை. கடலோடு கடலாக மேற்கே சென்றது. எனினும் எச்சரிக்கை பரவுமுன்னரே பூந்துறை, விழிஞம் முதலிய ஊர்களிலிருந்தும், குமரி மாவட்டத்துத் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களிலிருந்தும் மீனவர் கடலுக்குப் போயிருந்தனர். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. குமரி மாவட்டத்தில் வாழைத் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களும் படுத்துவிட்டன. பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரமின்றி இருளில் கிடந்தன.

புரெவியோ முன்னதாகவே அறிவிக்கப்பட்டது. மாலத்தீவு நாட்டார் வழங்கிய பெயரைத் தாங்கிய அப்புயல், 2020 டிசம்பர் 2 ஆம் தேதி இரவு இலங்கையின் கீழ்க்கரையில் திரிகோணமலைப் பக்கம் கரையேறி, 3 ஆம் தேதி மன்னார் வளைகுடாவிற்குள் இறங்கிப் பாம்பனை நெருங்கிற்று. அது மேற்கே மலையைக் கடந்து பொன்முடிப் பக்கமாக நமது மாவட்டத்துள் நுழையக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்டது. மீனவர் கடலிற் செல்வது முன்கூட்டியே தடுக்கப்பட்டது. பொன்முடி எஸ்டேட் லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் மலையினின்றும் இறக்கப்பட்டு விதுரைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப்பட்டன. 4 ஆம் தேதி திருவனந்தபுரம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களுக்குப் பொது விடுமுறை. விமான நிலையமும் பகலிற் பல மணி நேரம் மூடப்பட்டது.

ஆனால் புயல் வரவில்லை. இருபுறமும் நிலம் சூழ்ந்த குறுகிய கடலில் அது வலுக் குன்றி, இராமநாதபுரக் கரைக்கு அருகே நின்றவாறே தேய்ந்தது. மறுநாள் கடைத்தெருவில் நாம் கேட்ட பேச்சு யாதெனில், “ஒரு நாட் கூலி போயிற்று, வாழைக்குலையை முற்றாமல் வெட்டியதும் நட்டம்” என்பதே. அப்பேச்சிற்கு விடை கூறவே இப்பாடம்.

2. காத்திருப்பு ஏன் உறுதியற்றதாகிறது?

சுழலும் பம்பரத்தைப் பாருங்கள். அது சுழலும் வேகம் ஒன்று. தரையில் நகரும் வேகம் வேறொன்று. புயலும் அத்தகையதே. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சுழலும் காற்று, மிதிவண்டிக்காரன் செல்லும் வேகத்தில்தான் இடம்விட்டு இடம் பெயர்கிறது. பம்பரம் எந்தக் கல்லில் இடறித் திரும்பும், எங்கே நின்று தள்ளாடும் என்பதை விட்டவனும் முற்றும் சொல்லவியலாது. ஆகையால் வானிலை நிலையத்தார் ஒரே கோடாக அன்றி, போகப் போக அகலும் விசிறிபோல் வழியைக் குறிக்கின்றனர். விசிறிக்குள் அகப்பட்ட ஊரெல்லாம் காத்திருத்தல் வேண்டும். பெரும்பாலான ஊர்களுக்குப் புயல் வாராது. இது கணக்கின் இயல்பேயன்றிக் கணித்தவர் குற்றமன்று.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்னும் நிறங்களையும் இவ்வாறே கொள்க. மஞ்சள் ‘கவனித்திரு’ என்பது. ஆரஞ்சு ‘ஆயத்தமாகு’ என்பது. சிவப்பு ‘செயலில் இறங்கு’ என்பது. ஒரு நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட மழை எதிர்பார்க்கப்படின் சிவப்பு நிறம் இடப்படுகிறது.

இன்னும் ஒன்று. நமக்கு வாராதது எவருக்கும் வாராதது ஆகாது. நம்மைத் தொடாமல் நின்ற அதே மண்டலத்தின் மழையினால் சிதம்பரத்தில் நடராசர் கோயிலுக்குள்ளும் வெள்ளம் நின்றது. 1964 டிசம்பர் 22 ஆம் நாள் இரவு, பாம்பன் அருகிலுள்ள தனுஷ்கோடியை ஒரு புயல் அழித்தது. அக்கடற் பக்கத்திலேயே புரெவி ஓய்ந்தது என்பதை நினைப்போர்க்கு நகைப்பு எழாது.

3. தோட்டத்தில் செயற்பாலன

காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்மடங்காகும். நேற்று 40 கிலோமீட்டர்க் காற்றைத் தாங்கிய மரம் இன்று 80 கிலோமீட்டர்க் காற்றையும் தாங்கும் என்று எண்ணுதல் பிழை. தோட்டத்து வேலைகள் யாவும் இவ்வுண்மையின்மேல் நிற்பன.

தென்னையில் முற்றிய நெற்றுக்களையும், காய்ந்த மட்டைகளையும், தொங்கும் பாளைகளையும் முதலில் இறக்குக. முருங்கை முறியும் இயல்பினது. கூரையின் பக்கம் நீண்ட கிளைகளைக் கழித்துவிடின் மரமும் பிழைக்கும், மீண்டும் தழைக்கும். குலை தள்ளிய ஏத்தன் வாழைக்கு இரண்டு முட்டுக்களைக் கவைபோல் கொடுத்து, ஒன்றோடொன்று கயிற்றாற் கட்டுக. இலைகளிற் பாதியை அரிந்துவிடின் காற்றுக்குப் பிடி குறையும். முக்காற் பங்கு முற்றிய குலையை வெட்டிக்கொள்வதும் நட்டமன்று. காயாக வறுக்கவும் கறி சமைக்கவும் உதவும். மரச்சீனிக்கு வேண்டுவது வடிகால். நீர் தேங்கின் கிழங்கு அழுகும். மண்வெட்டியால் சாலைத் திறந்துவிடுதல் அரை மணி நேர வேலை.

ஆடு மாடுகளை மரத்தடியிற் கட்டலாகாது. வெள்ளம் ஏறும் இடமாயின் கட்டவே ஆகாது. தளர்ந்த தகரம், பூந்தொட்டி, ஏணி, துணி உலர்த்தும் கொடி ஆகியவை காற்றில் எறிபடைகளாகும். இவற்றை உள்ளே சேர்க்க.

4. இல்லத்தில் செயற்பாலன

குடிநீரைக் குடங்களிலும் அண்டாவிலும் நிரப்பி மூடுக. அரிசி, பயறு, உப்பு, தீப்பெட்டி, டார்ச்சு விளக்கு, அன்றாடம் உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை ஓரிடத்தில் வைக்க. சிரட்டையும் கொதும்பும் நனையாதிருப்பின், எரிவாயு தீர்ந்தாலும் அடுப்பு எரியும். குடும்ப அட்டையையும் நிலப் பத்திரங்களையும் நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைக்க.

காற்று வீசும்போது சன்னல்களை விட்டு விலகி, உட்சுவர் ஓரமாக இருத்தல் நலம். பெருங்காற்று திடீரென அடங்கின் ஓய்ந்தது என்று வெளியே ஓடற்க. புயலின் நடுவே ‘கண்’ என்னும் அமைதியான பகுதி உண்டு. அது கடந்தபின் காற்று எதிர்த்திசையிலிருந்து முன்னிலும் சினந்து வீசும். வானொலி அறிவிப்பு வரும் வரை காத்திருக்க. விழுந்து கிடக்கும் மின்கம்பியை உயிருள்ளதாகவே கருதுக.

வெள்ளம் வடிந்தபின் கிணற்றைத் தூய்மை செய்யும் கணக்கை ஒவ்வொரு வீட்டாரும் கற்றிருத்தல் வேண்டும். கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து அதனை அதனாலேயே பெருக்குக. நீரின் ஆழத்தாற் பெருக்குக. பின் 785 ஆற் பெருக்குக. வருவது லிட்டர்க் கணக்கு. குறுக்களவு 2 மீட்டர், நீராழம் 3 மீட்டர் எனில், 2×2×3×785 = 9,420 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இருமடங்கு. ஆகவே இக்கிணற்றுக்கு ஏறத்தாழ 47 கிராம் வேண்டும். பவுடரை ஒரு வாளியிற் குழைத்து, நீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்குக. ஒரு மணி நேரம் சென்று எடுத்துக் கொதிக்கவைத்து அருந்துக. காலிற் புண்ணுடையோர் தேங்கிய நீரில் இறங்கின் எலிக்காய்ச்சல் பற்றக்கூடும். அவ்வாறு இறங்க நேர்ந்தவர் சுகாதார ஊழியரைக் கண்டு தடுப்பு மருந்து கேட்க.

5. நாம் கற்றுக்கொண்ட விதம்

இவற்றையெல்லாம் எழுதும் நாம், எல்லாம் செய்து முடித்தவர் அல்லேம். கரமனை ஆற்றுப் பக்கம் நமக்கு ஐந்து சென்ட் நிலமும் ஓட்டு வீடும் உண்டு. தோட்டத்தின் கீழ்மூலையில் ஒரு தென்னை, வேலிக்கு அப்பால் சாய்ந்து வளர்ந்திருந்தது. அதன் தலை நின்றது நமது கூரைமேலன்று. பேரனோடு வாழும் ஒரு மூதாட்டியின் தகரக் கூரைமேல். ஆண்டுக்கு எண்பது காய்க்குக் குறையாமல் காய்த்த மரமாதலின், கம்பி இழுத்துக் கட்டுவோம், அடுத்த மாதம் பார்ப்போம் என்று ஏழாண்டு கழித்தோம். ஒக்கியின்போது ஒரு மட்டை அவர் முற்றத்தில் விழுந்தது. அப்போதும் பார்ப்போம் என்றோம்.

புரெவிச் செய்தி வந்த நாளில் மரமேறும் தொழிலாளியைத் தேடி ஓடினோம். அவரை நாற்பது வீட்டார் தேடிக்கொண்டிருந்தனர். இருட்டிய பின் வந்து காய்களையும் மட்டைகளையும் இறக்கினார். மரத்தை வெட்ட நேரமில்லை என்றார். வேறு வழியின்றி அம்மூதாட்டியையும் சிறுவனையும் நமது வீட்டிற்கு அழைத்து வந்தோம். இரண்டிரவு அனைவரும் ஒரே கூடத்திற் படுத்தோம். கஞ்சியும் பயறும், அவித்த மரச்சீனியும் உண்டோம். வெளியே மழை பெய்தது; இலை அசைந்தபோதெல்லாம் நாம் எழுந்து கீழ்மூலையைப் பார்த்தோம். பிறர் அஞ்சியது வானத்தை; நாம் அஞ்சியது நமது சொந்த மரத்தை.

4 ஆம் தேதி மாலை, இனி அச்சமில்லை என்று தெரிந்தபின், “அக்கா, காற்று வராமலே போயிற்று, இனி நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்” என்று மகிழ்ச்சியோடு கூறினோம். அவர் நம்மைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “காற்று வராமற் போயிற்று, தம்பி. மரம் நிமிர்ந்துவிட்டதா?” என்று கேட்டார்.

பல மேடைகளிற் பேசிய நமக்கு அதற்கு விடை வரவில்லை. பொங்கலுக்கு முன் அம்மரத்தை வெட்டினோம். மரக்காரர் கூலி போக நமக்கு மிஞ்சியது சில துண்டு விறகு. அவ்விடத்தில் இப்போது ஒரு கறிவேப்பிலை நிற்கிறது.

6. மணல் வாளி

நாம் இளமையில் பஞ்சாலைத் தொழிலாளியாயிருந்த காலத்தில், நூற்பு இயந்திரங்களின் ஓரத்துச் சுவரில் சிவப்பு நிற வாளிகள் மணலுடன் தொங்கும். வாரந்தோறும் படிந்த பஞ்சைத் துடைத்து, ஈரமான மணலை மாற்றுதல் நமது முறை. நமது பகுதியில் அவ்வாளியை எடுக்கவேண்டிய நாள் ஒன்றேனும் வரவில்லை. “எதற்கு இந்த வீண் வேலை?” என்று ஒரு நாள் முணுமுணுத்தோம். அருகிருந்த முதிய தொழிலாளி, “தீ வராத நாளில்தான் வாளியை நிரப்ப முடியும், தீ வந்த நாளில் எடுத்து வீசத்தான் நேரம் இருக்கும்” என்றார். நமது கல்வி பள்ளிக்கூடத்திற் கற்றதன்று, இத்தகையோரிடம் கற்றதே.

புத்தர் பெருமான் இறுதியாக அறிவுறுத்தியதும் அயராமையே அன்றோ? அயராமை என்பது ஓயாது அஞ்சுதல் அன்று. செய்யத்தக்கதைக் காலத்திற் செய்துவிட்டு அமைதியாக இருத்தலே அயராமை. புயல் வாராததனால் காவல் வீணாயிற்று என்பார்க்கு நாம் கூறுவது இதுவே: இறக்கிய மட்டையும், திறந்த வடிகாலும், கரையேறிய படகும், பக்கத்து வீட்டாரோடு உண்ட கஞ்சியும் வீணல்ல. இவ்வாண்டு வாராதது அடுத்த ஆண்டு வரலாம். ‘சென்ற முறை வரவில்லையே’ என்று அசட்டையாயிருப்பவன் வீட்டில் அது முதலில் நுழையும்.

கூடிக் கற்போர் சிந்தித்தற்கு:

1. நமது தோட்டத்தில் பிறர் கூரைமேற் சாய்ந்த மரம் உண்டோ? அதனை எத்தனை ஆண்டாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

2. நமது கிணற்றில் எத்தனை லிட்டர் நீர் உள்ளது?

3. எச்சரிக்கை வரும் இரவில் நமது வீட்டிற்கு அழைத்து வரவேண்டியவர் யார்? அவரிடம் அதனை இன்றே கூறிவிட்டோமா?

நலமே விளைக!