இடைச்செருகல்: ஏட்டிலும் எண்ணிலும்

முன்னுரை

'இடைச்செருகல்' என்னும் சொல்லைக் கேட்ட அளவில் தமிழ் பயில்வார் முகஞ்சுளிப்பது இயல்பு. மூல ஆசிரியர் பாடாத ஒன்றைப் பின்வந்தார் எவரோ இடையில் புகுத்தி, அதனை அவர் பெயராலேயே உலவ விட்ட குற்றத்தை அச்சொல் நமக்கு நினைவூட்டும். கணிதத் துறையாரோ இதே சொல்லை நற்பொருளில் ஆளக் காண்கிறோம். அறிந்த இரண்டு மதிப்புகளுக்கு இடையே உள்ள அறியாத மதிப்பைக் கணித்துக் கூறும் முறைக்கு அவர்கள் இட்டு வழங்கும் பெயரும் இடைச்செருகலே.

ஒரு துறையில் குற்றமாகக் கடியப்படுவது மற்றொரு துறையில் கலையாகப் போற்றப்படுவது எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காண, சைபை என்னும் கணிப்பொறி நிரல் நூலகத்தில் வளைகோட்டு இடைச்செருகல் முறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்பட்ட வரலாறு பெரிதும் துணை செய்கிறது. அதனைத் தமிழ் மாணவர் உளங்கொள்ளுமாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னோர் முயற்சி

இடைச்செருகல் கணிப்பொறியோடு பிறந்த கலையன்று. வானநூலார் கோணங்களுக்குரிய மதிப்புகளை அட்டவணையாக எழுதி வைத்தனர். எல்லாக் கோணங்களையும் அட்டவணையில் அடக்குதல் இயலாது. ஆதலின் இரண்டு வரிகளுக்கு நடுவே விழும் கோணத்திற்கு மதிப்புக் காணும் வழி வேண்டியதாயிற்று. கி.பி. 665இல் கண்டகாத்யகம் இயற்றிய பிரம்மகுப்தர், அடுத்தடுத்த மதிப்புகளின் வேறுபாட்டை மட்டும் கொள்ளாது, அவ்வேறுபாடுகளின் வேறுபாட்டையும் கணக்கில் கொண்டார். 11ஆம் நூற்றாண்டில் அறிஞர் அல்பிரூனி 'அல்கானூன் அல்மஸ்ஊதி' என்னும் தம் பெருநூலில் இத்தகைய இரண்டாம்படி முறையைக் கையாண்டார். நேர்கோட்டால் இணைப்பதினும் வளைகோட்டால் இணைப்பது உண்மைக்கு நெருங்கியது என்பதை இவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

நிரல் நூலகம் என்பது யாது?

நிரல் எழுதுவோர் ஒவ்வொரு கணக்கையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பலருக்கும் பயன்படும் கணக்குகளை வல்லார் ஒருமுறை செம்மையாக எழுதித் தொகுத்து வைப்பர். ஏனையோர் அவற்றைப் பெயர் சொல்லி அழைத்துப் பயன்கொள்வர். அத்தொகுப்பே நிரல் நூலகம். பைத்தான் மொழிக்குரிய சைபை என்னும் அறிவியல் நூலகம் டிராவிஸ் ஆலிஃபண்ட், எரிக் ஜோன்ஸ், பியாரு பீட்டர்சன் ஆகியோர் முயற்சியால் 2001இல் வெளிவந்தது. இது திறந்த மூல நூலகம். அதன் நிரல் வரிகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், உரிமக் குறிப்பை நீக்காது தம் பணியில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதன் இடைச்செருகல் பகுதி தொடக்கத்தில் பெரிதும் சார்ந்து நின்றது ஃபிட்பேக் என்னும் பழைய ஃபோர்ட்ரான் நிரல் தொகுதியையாகும். பெல்ஜியம் நாட்டு அறிஞர் பால் டீர்க்ஸ் அதனை ஆக்கியவர். அடித்தளம் உறுதியானதே. ஆயினும் காலம் செல்லச் செல்லப் பயன்படுத்துவோர் வேறு பல முறைகளையும் வேண்டினர். அவ்வேண்டுகைக்குக் காரணம் என்ன என்பதைச் சிறியதோர் எடுத்துக்காட்டால் காண்போம்.

நான்கு புள்ளிகள் தரும் பாடம்

ஒரு நாள் காலை மழைமானியைப் பார்த்து, அதுவரை பெய்த மொத்த மழையைக் குறிக்கிறோம் எனக் கொள்வோம். 6 மணிக்கு 0. 7 மணிக்கு 0. 8 மணிக்கு 1 சென்டிமீட்டர். 9 மணிக்கும் 1 சென்டிமீட்டர். ஏழுக்கும் எட்டுக்கும் இடையில் மழை பெய்து ஓய்ந்தது என்பது சிறுவர்க்கும் விளங்கும்.

இந்நான்கு புள்ளிகளையும் நேர்கோடுகளால் இணைத்தால் ஏழரை மணிக்கு 0.5 எனக் கிடைக்கும். விடை பொருத்தமானதே, ஆனால் கோடு 7 மணியிலும் 8 மணியிலும் திடீரென முறியும். முறிவின்றி அழகாகச் செல்லும் வளைகோடு வேண்டி, நான்கு புள்ளிகள் வழியாகவும் ஒரே முப்படிக் கோவையைச் செலுத்தினால் நிகழ்வது வியப்பிற்குரியது. ஆறரை மணிக்கு அது −0.25 என்று கூறும். எட்டரை மணிக்கு 1.25 என்று கூறும். பெய்யாத மழை குறை எண்ணாகிறது! பெய்த மழையினும் மிகுதியாகப் பெய்து, 9 மணிக்குள் கால் சென்டிமீட்டர் வானத்திற்கே திரும்பிவிடுகிறது!

வளைகோடு நான்கு புள்ளிகளிலும் பிழை செய்யவில்லை; அளந்த இடங்களில் எல்லாம் உண்மையே பேசுகிறது. அளக்காத இடங்களில்தான் பொய் புகுகிறது. அப்பொய்யும் மெய்யின் வடிவழகோடு வருவதால் காண்பவர் ஐயுறுவதில்லை. புள்ளிகள் மிகுந்தால் குறை தீரும் என்று எண்ணுதலும் தவறு. சம இடைவெளியில் அமைந்த பல புள்ளிகள் வழியே ஒரே உயர்படிக் கோவையைச் செலுத்தினால், ஓரங்களில் அது கட்டுக்கடங்காது அலைவதுண்டு என்பதை ஜெர்மானிய அறிஞர் ரூங்கே 1901இலேயே எடுத்துக்காட்டினார்.

வளையும் மரச்சட்டம்

இக்குறைக்குக் காணப்பட்ட தீர்வுகளுள் தலையாயது ஸ்ப்லைன் என்பதாகும். கப்பல் கட்டுவோர் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, வேண்டிய இடங்களில் ஈயக் கட்டிகளால் நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு வரைவர். அச்சட்டத்தின் பெயரே ஸ்ப்லைன். 1946இல் ஷோன்பெர்க் இப்பெயரைக் கணிதத்திற்குக் கொணர்ந்தார். புள்ளிகள் அனைத்திற்கும் ஒரே கோவை எழுதாமல், அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு ஒரு முப்படிக் கோவை என எழுதி, அவை சந்திக்கும் இடங்களில் சாய்வும் வளைவும் தொடர்ந்து செல்லுமாறு பிணைப்பதே இம்முறை.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. நம் மழைக்கணக்கில் 4 புள்ளிகள். ஆகவே 3 துண்டுகள். துண்டுக்கு 4 கெழுக்கள் வீதம் 12 அறியா எண்கள். துண்டுகள் புள்ளிகளைத் தொடவேண்டும் என்பதனால் 6 நிபந்தனைகள். நடுவில் உள்ள இரண்டு புள்ளிகளில் சாய்வும் வளைவும் ஒத்திருக்கவேண்டும் என்பதனால் 4 நிபந்தனைகள். ஆக 10. எத்தனை புள்ளிகள் இருப்பினும் இவ்வாறு இரண்டு நிபந்தனைகள் குறைந்தே நிற்கும். அவ்விரண்டையும் கணக்கு நமக்குத் தருவதில்லை. கணிப்பவரே ஓரங்களில் முடிவு செய்து கொடுத்தல் வேண்டும்.

2016இல் வெளிவந்த சைபை 0.18 பதிப்பில் சேர்க்கப்பட்ட கியூபிக்ஸ்ப்லைன் என்னும் கூறு, இந்த முடிவைப் பயன்படுத்துவோர் கையிலேயே தந்தது. ஓரத்தில் வளைவு இல்லை எனக் கொள்ளலாம். சாய்வு இல்லை எனக் கொள்ளலாம். தொடக்கமும் முடிவும் ஒன்றோடொன்று இணைந்து சுழல்வதாகக் கொள்ளலாம். எதுவும் கூறாவிடின், ஓரத்து இரண்டு துண்டுகளை ஒரே கோவையாகக் கொள்ளும் வழக்கத்தை நூலகமே மேற்கொள்ளும்.

இத்தேர்வு வெறும் சடங்கன்று. நம் நான்கு புள்ளிகளுக்கு நூலகத்தின் வழக்கப்படி ஆறரை மணி மழை −0.25, ஓரத்தில் வளைவில்லை எனக் கொண்டால் −0.125. அளந்த எண்களில் ஒன்றும் மாறவில்லை. மாறியது நம் ஊகமே. ஊகம் மாறியவுடன் விடையில் பாதி கரைந்துவிட்டது. எனவே இடையில் கிடைக்கும் எண்ணில் தரவின் பங்கும் உண்டு. கணிப்பவர் பங்கும் உண்டு என்பது தெளிவாகிறது.

அழகும் அடக்கமும்

ஊகத்தை மாற்றியும் குறை எண் முற்றும் நீங்கவில்லை என்பதை நோக்குக. ஏறும் தரவை ஏறுவதாகவே காட்டி, ஏறாத இடத்தில் அசையாது நிற்கும் முறையும் வேண்டும். அதற்குரிய நிபந்தனைகளை 1980இல் ஃபிரிட்ஷ், கார்ல்சன் என்னும் இருவர் வகுத்தனர். அவ்வழியில் எழுந்தது பிசிப் எனப்படும் முறை. ஒரு புள்ளியின் இருபுறச் சாய்வுகளுள் ஒன்று சுழியமாயினும், இரண்டும் எதிர்த்திசையில் அமையினும், அப்புள்ளியில் வளைகோட்டின் சாய்வைச் சுழியமாக்கிவிடுவது இதன் அடிப்படை விதி. இதன்படி நம் மழை 6 முதல் 7 வரை சுழியத்திலேயே நிற்கும். 7 முதல் 8 வரை மெல்ல எழுந்து மெல்ல அமையும். பின்னர் 1 என்பதைக் கடவாது. சாய்வு தொடர்ந்து செல்லினும் வளைவு தொடர்வதில்லை என்பது இதன் குறை. அழகிற் சிறிது இழந்து அடக்கத்தைப் பெற்ற முறை இது எனலாம்.

ஜப்பானிய அறிஞர் அக்கிமா 1970இல் வெளியிட்ட முறை மூன்றாவது. ஸ்ப்லைனில் ஒரு புள்ளியை மாற்றினால் அதன் அதிர்வு கோடு முழுவதும் பரவும். அக்கிமா முறையிலோ அம்மாற்றம் அண்டையிலுள்ள சில துண்டுகளோடு நின்றுவிடும். சைபையில் இம்முறை 2014இல் 0.14 பதிப்பில் சேர்ந்தது. தட்டையான பகுதிகளில் கோடு எல்லை மீறுவதைக் குறைக்கும் இதன் திருத்திய வடிவம் 2024இல் 1.13 பதிப்பில் இடம்பெற்றது.

இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா பொருளற்றது. சீராக இயங்கும் கோளின் நிலைக்கு ஸ்ப்லைன் பொருந்தும். மொத்த மழைக்குப் பிசிப் பொருந்தும். திணைக்கேற்ற ஒழுக்கம் போலத் தரவிற்கேற்ற முறை என்று கொள்ளுதல் தகும்.

சேர்ப்போர் கடமை

இத்தகைய நூலகத்தில் புதிய முறையொன்றைச் சேர்க்க விழைவார், நிரல் எழுதியவுடன் தம் பணி முடிந்தது எனக் கருதலாகாது. அவர் எழுதியதைப் பிறர் வரிவரியாகப் படித்து வினா எழுப்புவர். பிறர் உரிமம் தடுக்கும் நிரலைப் படியெடுத்தல் கூடாது. முறையின் மூலக் கட்டுரை எது, எப்பதிப்பு முதல் இக்கூறு உள்ளது என்பன விளக்கவுரையில் இடம்பெற வேண்டும்.

இவற்றினும் இன்றியமையாதன சோதனைகள். அளந்த புள்ளிகளில் அளந்த எண்ணே மீள வருகிறதா? முப்படிக் கோவையிலிருந்தே எடுத்த புள்ளிகளைக் கொடுத்தால் ஸ்ப்லைன் அக்கோவையையே திருப்பித் தருகிறதா? ஏறும் தரவிற்குப் பிசிப் எங்கேனும் இறங்குகிறதா? ஒரே நேரத்திற்கு இரண்டு மதிப்புகள் கொடுக்கப்பட்டால் தானே ஒன்றைப் புனையாமல், தரவு தவறு என்று மறுக்கிறதா? இச்சோதனைகள் நூலகத்தோடு நிலையாக வைக்கப்படும்; பின்வருவார் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அவை மீண்டும் இயக்கப்படும்.

கடைசிப் புள்ளிக்கு அப்பால் என்ன என்று கேட்டால் யாது செய்வது? அளவைக்கு வெளியே நீட்டிக் கணிப்பது புறச்செருகல். கடைசித் துண்டை நீட்டி விடை கூறவும் சைபையில் வழியுண்டு. நீட்டவேண்டா எனப் பணித்தால், 'எண் அன்று' என்னும் குறியை அது விடையாகத் தரும். அறியாததை அறியேன் என்று சொல்லும் வாய்ப்பைப் பொறிக்கும் அளித்திருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

திருத்தமும் பொறுப்பும்

சேர்ப்பதினும் நீக்குதல் அரிது. இருபரிமாணத் தரவிற்கென சைபையில் நெடுங்காலம் இருந்த இன்டர்ப்டூடி என்னும் கூறு, ஒழுங்கான கட்டங்களில் அமைந்த தரவிற்கு ஒரு கணக்கும், சிதறிய தரவிற்கு வேறொரு கணக்கும் செய்தது. பயன்படுத்துவோர் பலர் இவ்வேறுபாட்டை அறியார். இது தகாது எனத் தெளிந்த பின்னரும் ஒரே நாளில் அதனை நீக்கிவிடவில்லை. நீக்கின், அதனை நம்பிய நிரல்கள் நின்றுவிடும். 2023இல் வந்த 1.10 பதிப்பில் எச்சரிக்கை இடப்பட்டது. பழைய நிரலை மாற்றிக்கொள்ளும் வழிகாட்டி எழுதப்பட்டது. பழைய விடைகளே வேண்டுவார்க்கு ஏறக்குறைய அதே விடைகளைத் தரும் மாற்றுக் கூறுகளும் சுட்டப்பட்டன. 2024இல் 1.14 பதிப்பில்தான் அது நீக்கப்பட்டது. பிழையை மறைக்காமலும், பிழையை நம்பியவரைக் கைவிடாமலும் திருத்திய பாங்கு இது.

முடிவுரை

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்தார். அந்நூலின் 267, 268 ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாடல்களின் போக்கை நன்கறிந்த ஒருவர் அவ்விரண்டையும் சங்க நடையிலேயே புனைந்து சேர்த்திருத்தல் அரிதன்று. கற்பாருள் பலர் வேற்றுமை காணவும் மாட்டார். ஆயினும் அவ்விடம் வெற்றிடமாகவே விடப்பட்டது. அவ்வெற்றிடமே ஏனைய பாடல்களுக்குச் சான்றாக நிற்கிறது.

ஆகவே இடையில் செருகுதல் தன்னளவில் குற்றமும் அன்று, கலையும் அன்று. செருகியவர் தம்மை மறைத்துக்கொண்டு, தம் ஊகத்தை மூலத்தின் பெயரால் உலவ விட்டால் அது குற்றம். இது அளந்தது, இது கணித்தது, இன்ன முறையால் கணித்தது, இன்ன ஊகத்தின்மேல் கணித்தது என்று வெளிப்பட உரைத்தால் அது கலை. சைபை நூலகத்தில் ஒவ்வொரு முறைக்கும் தனிப்பெயரும், விளக்கவுரையும், சோதனையும், வெளிப்படையான நிரலும் அமைந்திருப்பது இந்த நேர்மையைக் காக்கவே என நாம் கருதுகிறோம்.

நம் மாணவர் நாளை ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கலாம். கணிப்பொறிக்கு நிரலும் எழுதலாம். எப்பணி மேற்கொள்ளினும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே கோடு வரையும்போது, அக்கோடு நாம் வரைந்தது என்பதை மறவாதிருப்போமாக.