சான்றும் சாட்சியும்

குற்றவாளி யாரென்பதைக் கடைசிப் பக்கம்வரை மறைத்து வைப்பது துப்பறியும் கதைகளின் பழைய வழக்கம். அவ்வழக்கத்தைப் புரட்டிப்போட்ட வீடியோ விளையாட்டு ஒன்று 2001ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஜப்பானில் வெளிவந்தது. ‘கியாகுதென் சைபான்’ என்பது அதன் பெயர். தலைகீழாகத் திரும்பும் வழக்கு என்பது பொருள். காப்காம் நிறுவனத்தைச் சார்ந்த ஷூ தக்குமி என்பார், சிறு குழுவொன்றைத் துணைக்கொண்டு அதனை ஆக்கினார். 2005இல் ஆங்கில வடிவம் பெற்றபின் ‘ஏஸ் அட்டர்னி’ என்னும் பெயரால் அது பிற நாடுகளிலும் பரவிற்று.

இவ்விளையாட்டில் ஆடுவோர் ஓர் இளம் வழக்குரைஞர் ஆவார். கொலைப்பழி சுமந்து நிற்பவரைக் காப்பது அவர் கடமை. கையில் வாளில்லை, விரைந்தோட வேண்டுவதுமில்லை. சாட்சியின் வாக்குமூலம் ஒவ்வொரு கூற்றாகத் திரையில் தோன்றும். ஐயம் எழுமிடத்தில் சாட்சியை மேலும் வினவலாம். பொய்யெனக் கண்டவிடத்து, அதனோடு முரண்படும் சான்றை எடுத்துக் காட்டலாம். பொருந்தாச் சான்றைக் காட்டுவோர் நீதிபதியின் கண்டனத்திற்கு ஆளாவர். முதல் விளையாட்டில் ஐந்து முறை அவ்வாறு தவறினால், குற்றமற்றவர் தண்டனை அடைவார்.

முதல் வழக்கின் தொடக்கத்திலேயே கொலைஞன் முகம் காட்டப்படுகிறது. அவனே பின்னர்ச் சாட்சியாக வந்து நிற்கிறான். ஆங்கில வடிவத்தில், பகல் ஒரு மணிக்குப் பிணத்தைக் கண்டதாக அவன் கூறுகிறான். மருத்துவ அறிக்கையோ நான்கு மணிக்குப் பின்னரே உயிர் பிரிந்தது என்கிறது. தொலைக்காட்சியொலியால் நேரம் அறிந்ததாகச் சொல்கிறான். அப்போது மின்சாரமே இல்லை. கடிகாரத்தால் அறிந்ததாக மாற்றிச் சொல்கிறான். அக்கடிகாரமோ சிலை வடிவினது. வாய்விட்டு மணி சொல்வது. கொலைக் கருவியும் அதுவே! அதனால் அடித்தபொழுதுதான் அவன் அவ்வொலியைக் கேட்டிருத்தல் கூடும். அது மூன்று மணி பிந்தி ஒலித்தது ஏன்? இறந்த பெண் முதல்நாள்தான் பாரிசிலிருந்து திரும்பினாள் என்பதற்கு அவளுடைய கடவுச்சீட்டே சான்று. பாரிசின் நேரம் ஒன்பது மணி முந்தியது. பன்னிரண்டு மணிக் கடிகாரத்தில் அது மூன்று மணி பிந்தியதாகத் தோன்றுமன்றோ?

கடவுச்சீட்டு தனியே எதனையும் மெய்ப்பிப்பதில்லை. சாட்சியின் சொல்லோடு அதனை இணைக்கும் வேலை ஆடுவோர் உள்ளத்தில் நிகழ்கிறது. இன்பமும் அங்கேதான் பிறக்கிறது. எனினும் குறையில்லாமல் இல்லை. கதையைவிட முந்திச் சிந்திப்பவர் உண்மையை அறிந்திருந்தும் வாய்திறக்க இயலாது காத்திருக்க வேண்டும். இரு சான்றுகள் பொருந்துமிடத்தும் ஆசிரியர் எண்ணிய ஒன்றே ஏற்கப்படும். அவ்விடங்களில் ஆடுவோர் வழக்கை விடுத்து ஆசிரியர் மனத்தை ஆராயத் தொடங்கிவிடுகின்றனர்.

விளையாட்டின் நீதிமன்றம் விந்தையானது. மூன்றே நாளில் தீர்ப்பு, ஒரே நீதிபதி. ஐயத்தின் பயன் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கு உரியது என்பது நீதிநெறி. இங்கோ உண்மைக் கொலைஞனைப் பிடித்துக் கொடுத்தாலன்றிப் பெரும்பாலும் விடுதலை இல்லை. இதனை வெறும் மிகையென்று தள்ளுதற்கில்லை. ஜப்பானில் வழக்குத் தொடரப்பட்டோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதின் மேற்பட்டோர் தண்டனை பெறுகின்றனர். உறுதியான வழக்குகளையே அரசு வழக்குரைஞர்கள் தொடுப்பது அதற்கொரு காரணம் என்பர்.

பொதுமக்கள் நீதிபதிகளுடன் அமர்ந்து தீர்ப்பளிக்கும் முறை அந்நாட்டில் 2009ஆம் ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, இவ்வரிசையின் நான்காம் விளையாட்டு குடிமக்கள் தீர்ப்பளிக்கும் வழக்கொன்றைக் காட்டியிருந்தது. 2015இல் வந்த மற்றொன்றின் கதை பழைய இலண்டனில் நிகழ்கிறது. அங்கே நடுவர் அறுவர். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு மோதவிட்டு, அவர்கள் மனத்தை மாற்றுவது வழக்குரைஞரின் வேலையாயிற்று.