மளிகைக் கணக்கு மாதக் கடைசி வரையில் நிற்கும் வழி

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் படித்து ஆராய்வதற்குரிய பாடம்)

அரியலூர் மாவட்டத்து ரெட்டிபாளையம் சுண்ணாம்புக்கல் மிகுந்த பூமி. அக்கல்லை ஆதாரமாகக் கொண்டு அங்கே சிமெண்டு ஆலை நடைபெறுகிறது. ஆகவே அவ்வூரிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் மூவகைக் குடித்தனங்கள் உள்ளன. மாதச் சம்பளம் பெறுவோர் ஒரு வகையினர். நாட்கூலியோ வாரக்கூலியோ பெறுவோர் மற்றொரு வகையினர். நெல், மக்காச்சோளம், முந்திரி முதலிய வெள்ளாமையை நம்பி, அறுவடைக்கு அறுவடை பணம் காண்போர் மூன்றாம் வகையினர். வரும்படி வரும் காலம் இம்மூவர்க்கும் வெவ்வேறாம். அடுப்பு எரியும் காலமோ மூவர்க்கும் ஒன்றே. விட்டுவிட்டு வரும் பணத்தை, விடாமல் எரியும் அடுப்புக்கு இசைத்து வைப்பதே மளிகைக் கணக்கின் வேலையாகும்.

இக்கணக்கு தவறுவதனால் உண்டாகும் நஷ்டம் பணநஷ்டம் மாத்திரம் அன்று. இருபதாந் தேதிக்குப் பின் கையிருப்புக் குறையும்போது பல வீடுகளில் முதலில் நிறுத்தப்படுவது தேநீரும் அன்று, கடைப் பலகாரமும் அன்று; பருப்பும் பாலும் முட்டையுமே நிறுத்தப்படுகின்றன. அரிசி நியாய விலைக் கடையில் கிடைத்து விடுவதால் வயிறு நிரம்புகிறது. குறை வெளியே தெரிவதில்லை. ஆயினும் வளரும் குழந்தைகளுக்கும் கருவுற்ற ஸ்திரீகளுக்கும் உடம்பை வளர்க்கும் ஆகாரம் மாதத்தில் பத்து நாள் இல்லாமற் போகிறது. ஆகையால் செலவைக் குறைப்பது எப்படி என்பதைவிட, பணம் குறையும்போது எது குறையலாம், எது குறையலாகாது என்பதே முதலில் தீர்மானிக்க வேண்டிய விஷயமாகும்.

ரூபாய் போகும் வழி

வீட்டுச் செலவில் பெரும்பகுதி அரிசிக்கே போகிறது என்று அநேகர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் ஒரு காலத்தில் உண்மையாயிருந்தது, இப்போது அவ்வாறன்று. தேசிய மாதிரி ஆய்வு அலுவலகத்தார் 2022 ஆகஸ்டு முதல் 2023 ஜூலை வரையில் இந்தியா முழுவதிலும் குடும்பச் செலவுகளைக் கணக்கெடுத்தனர். அக்கணக்கின்படி, கிராமவாசி ஒருவர் செலவிடும் 100 ரூபாயில் ஏறக்குறைய 46 ரூபாய் ஆகாரத்துக்குச் செல்கிறது. அதில் தானியத்துக்குச் செல்வது 5 ரூபாய் அளவே. பானங்கள், சிற்றுண்டி, தயார் செய்து பொட்டலமிட்ட தின்பண்டங்கள் ஆகியவற்றுக்குச் செல்வதோ 10 ரூபாயை ஒட்டியதாகும்.

இதிலிருந்து ஒன்று வெளிப்படை. முதல் தேதியில் ஜாபிதா எழுதி வாங்கும் சாமான்களால் கணக்கு உடைவதில்லை. ஜாபிதாவில் எழுதப்படாமல், ஐந்தும் பத்துமாகப் பிள்ளைகள் கையிலும் பெரியோர் கையிலும் கடைக்குச் செல்லும் பணத்தாலேயே அது உடைகின்றது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று பெரியோர் கூறியது இத்தகைய சில்லறைச் செலவுக்கு மிகப் பொருந்தும். ஒரு நாளைக்கு 20 ரூபாய் என்பது அற்பமாகத் தோன்றலாம். மாதத்தில் அது 600 ரூபாயாகும். வருஷத்தில் 7,300 ரூபாயாகும்.

முதலில் அளவு, பிறகு ரூபாய்

இந்த மாதம் இத்தனை ரூபாய்க்கு மேல் செலவிடலாகாது என்று உறுதி செய்து கொள்வதோடு பலர் நின்று விடுகின்றனர். விலை ஏறும்போது அவ்வுறுதி நிற்பதில்லை. எனவே முதலில் குடும்பத்துக்கு வேண்டிய அளவை நிர்ணயித்து, அதன் பின்னரே விலையைப் பார்ப்பது முறை.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024-ஆம் வருஷத்தில் வெளியிட்ட ஆகார விதிகள் இதற்குத் துணையாகும். அவற்றின்படி, சாதாரணமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் போதும். நால்வர் உள்ள வீட்டுக்கு மாதத்தில் இது 3¼ கிலோ ஆகும். ஒரு வீட்டில் 5 கிலோ எண்ணெய் செலவாகுமாயின், குறைக்கத் தக்க இடம் அங்கே இருக்கிறது. அதனால் பணமும் மிஞ்சும், தேகமும் நலம் பெறும். உப்பு ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. நால்வர்க்கு அது மாதம் 600 கிராம் ஆகும்; ஊறுகாய், அப்பளம், பொட்டலத் தின்பண்டம் ஆகியவற்றிலுள்ள உப்பும் இதில் அடங்கும்.

பருப்பின் கணக்கோ இதற்கு நேர்மாறானது. பருப்பு, பயறு, முட்டை, மீன், இறைச்சி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 85 கிராம் என அந்நிறுவனத்தார் விதித்துள்ளனர். நால்வர்க்கு மாதம் 10 கிலோவை அது தாண்டும். தமிழ்நாட்டில் 2007 முதல் நடைபெறும் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்பட்டு வருகின்றன. அட்டை ஒன்றுக்கு மாதம் ஒரு கிலோ பருப்பு என்பது, தேவையில் பத்தில் ஒரு பங்கே. எஞ்சியதைக் கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, முட்டை முதலியவற்றால் நிரப்ப வேண்டும். ஆகவே எண்ணெயிலும் கடைத் தின்பண்டத்திலும் மீதப்படும் ரூபாய் பருப்புக்கும் பயறுக்கும் போய்ச் சேருமாறு செய்வதே நல்ல கணக்கு. பருப்பைக் குறைத்துப் பணம் மிஞ்சியது என்பது லாபக் கணக்கு ஆகாது.

பணத்தை மூன்று பங்காக்குதல்

உதாரணமாக, நால்வர் அடங்கிய ஒரு குடும்பம் 31 நாள் கொண்ட மாதத்துக்கு 6,000 ரூபாய் ஒதுக்கியதாகக் கொள்க. அதனை மூன்று பங்காக்க வேண்டும்.

முதற்பங்கு, மாதச் சாமானுக்கு உரியது. நியாய விலைக் கடையில் வாங்க வேண்டியவற்றை முதலில் வாங்கிய பின், எஞ்சிய பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், உப்பு, சோப்பு முதலியவற்றை ஒரே தடவையில் வாங்கி விடுவது. இதற்கு 2,600 ரூபாய்.

இரண்டாம் பங்கு, காய்கறி, பால், முட்டை, மீன் ஆகிய நாட்செலவுக்கு உரியது. நாளொன்றுக்கு 90 ரூபாய் வீதம் 31 நாளைக்கு 2,790 ரூபாய். இங்கேதான் ஒரு பொதுவான பிழை நேர்கின்றது. மாதம் என்றால் நான்கு வாரம் என்று கொண்டு பணத்தை நான்காகப் பிரித்து விடுவர். நான்கு வாரம் என்பது 28 நாளே. மிஞ்சிய மூன்று நாளைக்கு யாதொன்றும் இராது. அந்த மூன்று நாளே கடனுக்குக் கதவு திறந்து விடுகின்றன. வருஷம் முழுவதும் பார்க்கின், பன்னிரண்டு மாதத்தை நான்கு நான்கு வாரமாக எண்ணுவதால் 48 வாரமே கணக்கில் வரும். ஏனைய நான்கு வாரமும் கணக்கின்றிப் போகும். ஆதலால் வாரத்துக்கு 630 ரூபாய் வீதம் நான்கு உறைகளும், கடைசி மூன்று நாளைக்கு 270 ரூபாய் கொண்ட ஐந்தாம் உறையும் முதல் நாளே கட்டி வைக்க வேண்டும். ஒரு வாரத்து உறை தீர்ந்தால் அடுத்த வாரத்து உறையைத் தொடலாகாது.

மூன்றாம் பங்கு, எஞ்சிய 610 ரூபாய். இது விருந்தினர் வருகைக்கும் விலையேற்றத்துக்கும் உரிய காப்புத் தொகை. செலவாகாமல் மிஞ்சினால் அதனைச் சங்கத்துச் சேமிப்புக் கணக்கிற் கட்டித் தீபாவளி, பொங்கல் மாதங்களுக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாரக்கூலி பெறுவோர் இம்முறையைச் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டும். கூலி வாங்கும் நாளிலேயே மாதச் சாமானுக்கான தொகையில் நாலில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்தால், அடுத்த மாதத்துச் சாமானை ரொக்கத்துக்கு வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை குறையுமாதலால், கோடைக்காலத்துக் கூலியிலேயே காப்புத் தொகையைப் பெருக்கி வைப்பது அவசியம். வெள்ளாமைக்காரர் அறுவடைப் பணத்தை அடுத்த அறுவடை வரையுள்ள மாதங்களால் வகுத்து, ஒரு மாதத்துப் பங்கை மாத்திரம் வீட்டிற் கொண்டு, ஏனையதைச் சங்கத்தில் வைப்பது தகும்.

விலை ஏறும் காலத்தில்

2015-ஆம் வருஷத்தில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயை எட்டியது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்தது. அப்போது தமிழ்நாட்டு அரசாங்கத்தார் நியாய விலைக் கடைகள் சிலவற்றில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்பித்தனர். இத்தகைய காலத்தில் தொகையை நீட்டுவது முறையன்று. பண்டத்தை மாற்றுவதே முறை. தக்காளிக்குப் பதிலாகப் புளி உதவும். துவரைக்குப் பதிலாகப் பச்சைப்பயறோ கொள்ளோ உதவும். மாறாதிருக்க வேண்டியது பருப்பின் பெயரன்று, அதன் அளவே.

பருவமறிந்து வாங்குவதும் நன்மை தரும். தை மாதத்தில் புதுத் துவரையும், மாசி பங்குனியில் புளியும் வற்றல் மிளகாயும் சந்தைக்கு வரும். பெரம்பலூர்ப் பக்கத்து விவசாயிகள் சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுக் காற்றோட்டமாக வைத்து நல்ல விலைக்குக் காத்திருப்பது யாவரும் அறிந்ததே. விற்பவர் காத்திருக்க அறிந்திருக்கும்போது, வாங்குபவரும் காலமறிந்து வாங்கக் கற்க வேண்டும். அங்கத்தினர் ஐந்தாறு பேர் கூடி மூட்டையாக வாங்கிப் பகிர்ந்து கொண்டால் சில்லறை விலையைக் காட்டிலும் குறையும். ஆயினும் வெயிலிற் காயவைத்து வண்டு பிடிக்காமற் காக்கக் கூடிய அளவே வாங்க வேண்டும்; கெட்டுப் போகும் சரக்கில் மலிவு என்பது இல்லை.

சிறு பொட்டலம் எப்போதும் அதிக விலை, பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்று நம்புவதும் சரியன்று. சில சரக்குகளில் சிறு பொட்டலமே மலிவாக அமைவதும் உண்டு. பொட்டலத்தின் மேல் எழுதியுள்ள எடையையும் விலையையும் பார்த்து, நூறு கிராமுக்கு என்ன விழுகிறதென்று வகுத்துப் பார்ப்பதே நிச்சயமான வழி.

பற்றுப் புஸ்தகமும் ரொக்க வியாபாரமும்

கடையிற் பற்று வைத்து வாங்குவோர் வட்டி கொடுப்பதில்லை என்று எண்ணிக்கொள்கின்றனர். வட்டி விலையிலேயே அடங்கியிருக்கலாம். அன்றியும், கடன்பட்டவர் வேறு கடைக்குப் போக இயலாது. எடை குறைந்தது என்று கேட்கவும் நா எழாது. கடைக்காரரும் மொத்த வியாபாரியிடம் கடனுக்கு வாங்கியவரே யாதலின், அவரைக் குறை கூறிப் பயனில்லை. முறையே மாற வேண்டும்.

இம்மாற்றத்தைச் செய்து காட்டியவர்கள் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் என்னும் ஊரின் நெசவாளர் முதலிய தொழிலாளிகள். இவர்கள் 28 பேர் கூடி, 28 பவுன் முதல் சேர்த்து, 1844 டிசம்பர் 21-ந் தேதி ஒரு சிறு கடை திறந்தனர். அதில் முதலில் இருந்தவை மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகியவையே. கலப்படமற்ற சரக்கு, சரியான எடை, ரொக்க வியாபாரம் என்பவை அவர்கள் கொண்ட விதிகள். வந்த லாபத்தை, அவரவர் வாங்கிய அளவுக்கு ஏற்ப அங்கத்தினர்க்கே பங்கிட்டனர். ரொக்கம் என்னும் விதி அக்கடைக்குப் பாதுகாப்பாயிருந்தது போலவே அங்கத்தினரின் வீட்டுக்கும் பாதுகாப்பாயிற்று. கையிலுள்ள பணத்துக்கு மேல் வாங்க வழியில்லாமற் போயிற்று. அவ்வழியைப் பின்பற்றியே சென்னையில் 1904-ஆம் வருஷத்தில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்று தமிழ்நாட்டு நியாய விலைக் கடைகளிற் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன.

ஏற்கெனவே பற்று உள்ளவர் ஒரே மாதத்தில் அதனைத் தீர்க்க முயன்றால், அடுத்த வாரமே மீண்டும் கடன் வாங்க நேரும். புதிய பற்று வைப்பதை நிறுத்திக்கொண்டு, பழைய பாக்கியைக் காப்புத் தொகையிலிருந்து சில மாதங்களில் தவணையாகத் தீர்ப்பது நிலைக்கும்.

கணக்கெழுதும் முறை

நோட்டுப் புஸ்தகத்தில் தேதி, சாமான், அளவு, ரூபாய் என நான்கு பத்திகள் போதும். முதல் மாதத்தில் யாதொன்றையும் குறைக்காமல், நடந்தபடியே எழுதி வர வேண்டும். தேநீர்க் கடையிற் கொடுத்ததையும் பிள்ளைகளுக்குக் கொடுத்ததையும் விடலாகாது. இரண்டாம் மாதத்திலிருந்தே திட்டம் இடுவது தகும். பத்தாந் தேதியிலும் இருபதாந் தேதியிலும் கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து கணக்கைப் பார்க்க வேண்டும். சமைப்பவர் ஒருவர், பணம் வைத்திருப்பவர் ஒருவர், கணக்கு அறிந்தவர் எவருமில்லை என்னும் நிலையில் எத்திட்டமும் நிற்காது. முப்பதாந் தேதியிற் காணும் குறையைத் தீர்க்க நாளில்லை. பத்தாந் தேதியிற் கண்டால் இருபது நாள் உண்டு.

அங்கத்தினர் கூடி ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. தங்கள் வீட்டில் மாதம் ஒன்றுக்கு எண்ணெய் எத்தனை கிலோ, பருப்பும் பயறும் எத்தனை கிலோ செலவாகின்றன?

2. பணம் குறையும்போது தங்கள் வீட்டில் முதலில் நிறுத்தப்படும் பொருள் யாது? அது நிறுத்தத் தக்கதா?

3. எழுதாமற் செலவாகும் சில்லறைத் தொகை ஒரு வாரத்தில் எவ்வளவு?

4. புளி, மிளகாய், துவரை ஆகியவற்றுள் எதனைப் பருவத்தில் கூடி வாங்கலாம்? எத்தனை குடும்பங்கள் சேரக்கூடும்?