விதையிலிருந்து சின்ன வெங்காயம்

நீலசந்திராவில் வாழும் தமிழர் வீடுகளில் சாம்பாருக்குச் சுவை சேர்ப்பது சின்ன வெங்காயம். தமிழ்நாட்டு உழவர்கள் பெரும்பாலும் வெங்காயத்தையே நட்டு இதனை விளைவிப்பர். ஒரு ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,000 கிலோ நடவுக்காய் தேவை. விலை உயரும் காலத்தில் அதனை வாங்குவது சிறு உழவர்க்குப் பெருஞ்சுமை ஆகும்.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கோ 5' வகை இதற்கு மாற்றாகும். இது பூத்து விதை தரும். ஒரு ஹெக்டேருக்குச் சில கிலோ விதையே போதும்.

நாற்றங்காலின் மேட்டுப்பாத்தியில் கரிய விதைகளை வரிசையாகத் தூவி, மெல்லிய மண்ணால் மூடி, பூவாளியால் நீர் தெளிப்பர். முளை கொக்கிபோல் வளைந்து எழும். 40 முதல் 45 நாள்களில் நாற்றைப் பறித்து, பாரின் இருபுறமும் நடுவர்.

வெங்காய விதையின் முளைப்புத்திறன் விரைவில் குறையும்; ஆகவே புதிய விதையே ஏற்றது. விதையால் செலவு குறையும்; ஆயினும் நாற்றங்காலுக்கு ஆறு வாரக் கவனிப்பு வேண்டும்.

சொற்பொருள்
நாற்றங்கால் – இளம்பயிர் வளர்க்கும் இடம்
பார் – வயலில் உயர்த்திய மண்வரப்பு

வினாக்கள்
1. நடவுக்காய் வாங்குவது எப்போது சுமையாகிறது?
2. நாற்று எத்தனை நாள்களில் நடப்படும்?
3. விதை, நடவுக்காய் இரண்டில் எதை நீ தேர்வாய்? காரணம் எழுதுக.