இளம் ஒலிக்கலைஞருக்கு: பத்துக்குப் பத்து அறையில் குறுக்கொலி நீக்கம்

ஸ்டீரியோவில் இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதோடு நிற்பதில்லை. தலையைச் சுற்றிக்கொண்டு வலது காதுக்கும் வருகிறது, சற்றுத் தாமதமாகவும் மங்கலாகவும். வலது ஸ்பீக்கரும் அப்படியே. இந்தக் கசிவுக்குத்தான் கிராஸ்டாக் என்று பெயர். தமிழில் குறுக்கொலி எனலாம். ஸ்பீக்கர்கள் வழக்கப்படி 60 பாகை விரிந்திருந்தால் தாமதம் ஏறக்குறைய 260 மைக்ரோவினாடி. நடுவில் ஒலிக்கும் பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வருவதால் ஒவ்வொரு காதும் அதை இருமுறை கேட்கிறது. அந்த இரண்டும் மோதி 2,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுகிறது. சாகித்தியத்தின் மெய்யெழுத்துகள் தெளிவு பெறும் பகுதி அது.

கசிந்து வரும் ஒலிக்கு நேரெதிரான ஒலியை மறுபக்க ஸ்பீக்கரிலிருந்து சரியான கணத்தில் அனுப்பினால் கசிவு காதருகே அழியும். இதைச் செய்துகாட்டிய முன்னோடிகளில் ஒருவர் இந்தியர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கற்பித்துவிட்டு 1961இல் பெல் ஆய்வகத்துக்குப் போன பிஷ்ணு அடல், மான்ஃப்ரெட் ஷ்ரோடருடன் சேர்ந்து இதற்கான வழியை வகுத்தார். பின்னர் ஷ்ரோடர் குழுவினர் ஐரோப்பியக் கச்சேரி மண்டபங்களின் ஒலியை இதே முறையில் ஓர் எதிரொலியற்ற அறைக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டு, 1974இல் முடிவுகளை வெளியிட்டனர். இரண்டு காதுக்கும் வெவ்வேறான ஒலி சேரும் மண்டபங்களையே கேட்டவர்கள் விரும்பினார்கள்.

இன்று அந்த வேலையைக் கணினி செய்கிறது. பிரின்ஸ்டனில் எட்கர் சூய்ரி உருவாக்கிய பாக் என்ற முறை, கேட்பவரின் காதிலேயே சிறு மைக் வைத்து அளந்து அவருக்கென்று வடிகட்டி அமைக்கிறது. ரால்ஃப் கிளாஸ்கலின் ரேஸ் முறை எளியது. நீக்கும் ஒலியும் எதிர்க்காதுக்குக் கசியும் என்பதால் அதையும் நீக்க இன்னொன்று, அதற்கும் இன்னொன்று என்று, ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சுமார் 2.5 டெசிபல் குறைவாகப் போய்க்கொண்டே இருக்கும். தொடங்குபவருக்கு இதுவே ஏற்றது. எண்களைக் கையால் மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் காது என்ன சொல்கிறது என்று பழகலாம்.

மும்பையில் தாராவியிலோ செம்பூரிலோ பத்தடி அறையில் இருப்பவருக்கு இதில் ஓர் அரிய வசதி உண்டு. ஒன்றரை மீட்டர் தள்ளி உட்காருபவருக்கு வழக்கமான ஸ்டீரியோ, ஸ்பீக்கர்களுக்கிடையே ஒன்றரை மீட்டர் கேட்கும். கட்டிலும் பீரோவும் கதவும் அதற்கு இடம் விடுவதில்லை. குறுக்கொலி நீக்கத்துக்கு 20 பாகை போதும், அதாவது அரை மீட்டருக்குச் சற்று மேல். ஒரே மேசையில் இரண்டும் அடங்கும். தாமதம் 90 மைக்ரோவினாடிக்கு அருகில், 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் நான்கு சாம்பிள். கேட்பவர் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். இரு ஸ்பீக்கருக்கும் உள்ள தூரத்தை நூல் பிடித்து அளப்பதே நல்லது. ஒரு சென்டிமீட்டர் பிசகு 29 மைக்ரோவினாடியைத் தின்றுவிடும்.

பக்கச் சுவரிலிருந்து திரும்பும் ஒலி கணக்கைக் கெடுக்கும். மென்பொருளால் அதைத் திருத்த முயல்வது வீண் வேலை. முதல் எதிரொலி படும் இடத்தில் சுருட்டிய பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

நீக்கத்தை 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே தொடக்கூடாது. அங்கே இரு காதுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலிதான் சேர்கிறது. நீக்கப் போனால் இரு தடங்களுக்கும் இடையே வேறுபடும் ஒலி பத்து டெசிபலுக்கு மேல் வீங்கி, சின்ன ஸ்பீக்கர் கரகரக்கும். 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் விட்டுவிடலாம், தலை லேசாக அசைந்தாலே அங்கே எல்லாம் கலைந்துவிடும். இடைப்பட்ட பகுதியிலும் உள்ளே வரும் ஒலியளவை முன்கூட்டியே குறைத்து வைக்க வேண்டும்.

பதிவைச் சோதிப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்தைய வேலை. சபா கச்சேரிப் பதிவுகள் பல மிக்ஸரிலிருந்து நேரே எடுக்கப்பட்டு, எல்லா மைக்கும் நடுவிலேயே குவிந்திருக்கும். பழைய வானொலிப் பதிவுகளும் மோனோதான். ஒரு தடத்தின் ஒலியலையைத் தலைகீழாக்கி மற்றதோடு கூட்டினால் மௌனம் மிஞ்சுமானால், அதில் விரிக்க எதுவும் இல்லை. நீக்கம் குரலின் நிறத்தை மட்டும் மாற்றும். இரண்டு மைக் வைத்து மேடைக்கு முன்னால் எடுத்த பதிவு கிடைத்தால் அதுவே பொன். அதில் மிருதங்கம் கேட்பவரின் இடப்பக்கமும் வயலின் வலப்பக்கமும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் முதலில் வயர் இணைப்பைப் பார்க்க வேண்டும், மிருதங்கக்காரர் இடக்கைக்காரராக இல்லாத பட்சத்தில். நீக்கம் சரியாக அமைந்தால் இரண்டும் ஸ்பீக்கர்களுக்கு வெளியே, மேடையில் இருந்த அகலத்துக்கு நகரும். குரல் முன்னே வந்து நிற்கும். மாட்டுங்கா சண்முகானந்தா அரங்கில் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட காதுக்கு அந்த இடைவெளி உடனே பிடிபடும்.

இது ஒருவருக்கான கேட்பு. பக்கத்தில் உட்காரும் அம்மாவுக்கு அதே ஒலி குழம்பித்தான் கேட்கும். வீட்டார் சேர்ந்து கேட்கும்போது அணைத்துவிடுவதே முறை. மிக்ஸிங்கும் இதன் வழியாகச் செய்யக்கூடாது. அப்படிக் கருவிகளை வைத்த இடங்களும் எதிரொலி அளவுகளும் சாதாரண ஸ்டீரியோவில் தவறாக விழும். நீக்கத்தைக் கோப்பிலேயே கலந்து பிறருக்குக் கொடுப்பது இன்னும் பெரிய பிழை. ஹெட்போனில் கேட்பவருக்குக் குறுக்கொலியே கிடையாது. நீக்குவதற்காகச் சேர்த்த நேரெதிரான ஒலிதான் அவர் காதில் கசிவாகப் போய் விழும்.